டமாஸ்கஸிலிருந்து அலெப்போ வரை: ஊருக்கு ஊர் ஓர் அச்சம்

பெய்ரூட்டில் காலையில் ஷேர் டாக்சி ஏறினால் மதியத்துக்குள் டமாஸ்கஸ் போய்விடலாம். நேரம் போவதெல்லாம் மஸ்னா எல்லையில்தான். 2024 அக்டோபரில் இஸ்ரேல் குண்டு வீசி இந்தச் சாலையைப் பிளந்து போட்டிருந்தது. அப்போது லெபனானிலிருந்து தப்பியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் சிரியாவுக்குள் போனார்கள். ஒரு வருடம் கழித்து, 2025 அக்டோபர் கடைசியில் நான் போனபோது, கூரையில் மெத்தையும் சைக்கிளும் கட்டிய வண்டிகள் வரிசையில் நின்றன. எல்லாம் வீடு திரும்பும் குடும்பங்கள். 2024 டிசம்பரில் அதிபர் பஷார் அசாத் வீழ்ந்த பிறகு வெளிநாடுகளிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் திரும்பிவிட்டார்கள் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு செப்டம்பரிலேயே சொல்லியிருந்தது.

எல்லை தாண்டியதும் 100 டாலர் மாற்றினேன். பத்து லட்சத்துக்கு மேல் சிரிய பவுண்டு வந்தது, ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக. போருக்கு முன்பு ஒரு டாலருக்கு சுமார் 50 பவுண்டு. சம்பளக்காரர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கட்டுகளைப் பைக்குள் திணித்தேன்.

டமாஸ்கஸில் ஹமீதியா கடைத்தெரு நிரம்பி வழிகிறது. உமய்யாத் மசூதி முற்றத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். போர்க் காலம் முழுக்க மக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்த காசியூன் மலைக்கு இப்போது மாலையானால் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆனால் உமய்யாத் சதுக்கத்துக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் பாதுகாப்பு அமைச்சகக் கட்டடம் இடிந்து நிற்கிறது. 2025 ஜூலை 16 அன்று இஸ்ரேல் தாக்கியது அது. தெற்கே ஸுவைதாவில் துரூஸ் என்ற சிறுபான்மை மதப் பிரிவு மக்களுக்கும் பதூவி அரபுக் குலங்களுக்கும் மோதல் மூண்டு, அரசுப் படை உள்ளே போய், நிறைய துரூஸ் மக்கள் கொல்லப்பட்ட வாரம். துரூஸ்களைக் காக்கிறோம் என்று சொல்லித்தான் இஸ்ரேல் தலைநகரின் நடுவில் குண்டு போட்டது.

இந்த நாட்டின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு கட்டடத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு பகுதி மக்களுக்கு டமாஸ்கஸ் அரசின் மேல் பயம். அந்தப் பயத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வெளியே ஒரு நாடு தயாராக இருக்கிறது. பயணம் முழுக்க, ஊர் மாறினாலும் இது மாறவில்லை.

இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. 1920-ல் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே வந்தவுடன் டமாஸ்கஸ் ஒரு அரசு, அலெப்போ ஒரு அரசு, கடற்கரை அலவிகளுக்கு (அசாத் குடும்பம் சேர்ந்த சிறுபான்மை முஸ்லிம் பிரிவு) ஒன்று, துரூஸ் மலைக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அதை எதிர்த்து 1925-ல் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஒரு துரூஸ், சுல்தான் அல்-அத்ரஷ். இன்று துரூஸ்களைத் துரோகிகள் என்று வசைபாடுகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகும் அலெப்போவில் வேரூன்றிய மக்கள் கட்சி ஈராக்கோடு சேரலாம் என்றது; டமாஸ்கஸ் தலைவர்கள் எகிப்தையும் சவூதியையும் பார்த்தார்கள். 1949-ல் மட்டும் மூன்று இராணுவப் புரட்சிகள். நகரங்களின் போட்டியும் அண்டை நாடுகளின் போட்டியும் அப்போதே ஒன்றாகப் பின்னிக்கொண்டுவிட்டன.

அலெப்போவுக்கு எம்5 நெடுஞ்சாலையில் கிளம்பினேன். கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். ஓட்டுநர் ஹமாக்காரர், துபாயில் வேலை பார்த்தவர் என்பதால் ஆங்கிலமும் கொஞ்சம் ஹிந்தியும் பேசினார். 1982-ல் ஹமாவில் பஷாரின் அப்பா ஹாஃபிஸ் அசாத் நடத்திய படுகொலையில் அவருடைய பெரியப்பா போய்விட்டார். “நாற்பது வருஷம் இதை வீட்டுக்குள்ளேயும் மெதுவாத்தான் பேசினோம். இப்ப சத்தமா பேசுறேன்” என்றார். பேசிக்கொண்டே வந்தார். நான் குறுக்கிடவில்லை.

ஹோம்ஸில் காலித்யா பகுதி எலும்புக்கூடாக நிற்கிறது. அரசுப் படை முற்றுகையிட்டுத் தகர்த்த சுன்னி குடியிருப்பு. சிறிது தூரத்தில் அலவிகள் வாழும் ஸஹ்ரா. அங்கே கட்டடங்கள் முழுசாக இருக்கின்றன, ஆனால் இருட்டினால் கடைகள் மூடிவிடுகின்றன. அங்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையைச் சந்தித்தேன். 2025 மார்ச்சில் கடற்கரை மாவட்டங்களில் நடந்த கொலைகளில் சுமார் 1,400 பேர் இறந்ததாக ஐ.நா. விசாரணைக் குழு சொன்னது. பெரும்பாலும் அலவி பொதுமக்கள். ஆசிரியையின் தம்பி குடும்பம் கடற்கரை ஊரான பானியாஸில் இருந்தது. “அசாத் எங்களுக்கு என்ன செய்தார்? பிள்ளைகளை இராணுவத்துக்குக் கொடுத்தோம், வறுமைதான் மிச்சம். ஆனால் தம்பியைக் கொன்றவன் யாரென்று கேட்க நான் எந்த அலுவலகத்துக்குப் போவது?” என்றார். அப்போது கடற்கரையில் பலர் ஹுமைமிம் ரஷ்யத் தளத்துக்குள் ஓடித்தான் உயிர் தப்பினார்கள். அசாதைக் காப்பாற்றக் குண்டு வீசிய அதே தளம்.

மஅர்ரத் அன்-நுஅமான் தாண்டும்போது வீடுகளுக்குக் கூரை இல்லை. குண்டு மட்டும் காரணமில்லை. கான்கிரீட்டை உடைத்து உள்ளே இருந்த கம்பியைக்கூட உருவி விற்றிருக்கிறார்கள். இப்படி ஒரு நாட்டை மறுபடி கட்ட 216 பில்லியன் டாலர் ஆகும் என்று உலக வங்கி அந்த மாதம்தான் கணக்கு சொல்லியிருந்தது. சிரியாவின் ஒரு வருட உற்பத்தியைப் போல ஏறக்குறைய 10 மடங்கு.

அலெப்போ வேறு உலகம். கோட்டை கம்பீரமாக இருக்கிறது. 2012-ல் எரிந்த பழைய சந்தையில் சில தெருக்களைச் சீரமைத்துவிட்டார்கள், பல தெருக்கள் இன்னும் கற்குவியல். 2013-ல் சரிந்த பெரிய மசூதியின் ஸ்தூபிக்கான வேலை நடக்கிறது. லாரல் இலை வாசனை வீசும் சோப்புக் கடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி வியாபாரம் பற்றிக் கேட்டேன். மின்சாரம் முன்பைவிடப் பரவாயில்லை என்றார் கடைக்காரர். அஜர்பைஜான் எரிவாயு, துருக்கி வழியாகக் குழாயில் வருகிறது, பணம் கத்தாருடையது; ஆகஸ்டில் தொடங்கியது. அதே துருக்கியிலிருந்து மலிவுச் சரக்கும் குவிந்து உள்ளூர் பட்டறைகளை மூடவைக்கிறது. வடக்கே அஸாஸ் பக்கம் போனால் துருக்கி லிராதான் புழங்குகிறது. அலெப்போவின் பழைய துறைமுகமான இஸ்கந்தரூன் 1939-லேயே துருக்கிக்குப் போய்விட்டது என்பதையும் அவர் மறக்காமல் சொன்னார்.

ஷேக் மக்சூத், குர்துகள் வாழும் பகுதி, அதே நகரத்துக்குள்தான் இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் அங்கே துப்பாக்கிச் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. 2025 மார்ச் 10 அன்று இடைக்கால அதிபர் அஹ்மத் அல்-ஷராவும் குர்து தலைமைப் படைகளின் தளபதி மஸ்லூம் அப்தியும் அந்தப் படைகளை அரசோடு இணைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான் போனபோது அது பெரும்பாலும் தாளிலேயே இருந்தது. யூப்ரடீஸுக்குக் கிழக்கே எண்ணெயும் கோதுமையும் அப்போது குர்து படைகள் கையில் இருந்தன; ஒரே இராணுவம், ஒரே தலைமை என்றது டமாஸ்கஸ்; குர்துகளுக்குத் தன்னாட்சி கூடவே கூடாது என்றது துருக்கி; சிரியா வலுவாகாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தது இஸ்ரேல். அமெரிக்கா இரண்டு பக்கமும் பேசியது.

வெளிநாடுகள் ஒதுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டமாஸ்கஸ் தன் பக்கத்துக் குற்றவாளிகளையும் தண்டிக்கும் என்று ஸஹ்ராவில் இருப்பவர் நம்பாதவரை அவர் வேறு காவல் தேடத்தான் செய்வார். 2025 அக்டோபர் 5 அன்று நாடாளுமன்றத்துக்கு நடந்த மறைமுகத் தேர்தலில் 210 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு அதிபரே நியமிப்பது. ஸுவைதா, ரக்கா, ஹஸகா மாவட்டங்களில் வாக்கெடுப்பே தள்ளிப்போனது. பயந்திருந்த பகுதிகளுக்கே அப்போது அவையில் குரல் இல்லை. சவூதியும் கத்தாரும் உலக வங்கிக் கடன் பாக்கியை அடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் மேற்சொன்ன நம்பிக்கையை ரியாதோ தோஹாவோ வாங்கித் தர முடியாது.

ஸுவைதாவுக்குப் போக வழி கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் டமாஸ்கஸை ஒட்டிய ஜரமானாவில் ஸுவைதா மாணவி ஒருத்தியோடு பேசினேன். ஜூலைக்குப் பிறகு விடுதியை விட்டு வந்து உறவினர் வீட்டில் இருக்கிறாள். மருந்தியல் கடைசி வருடம். “இஸ்ரேல் எங்களுக்கு வேண்டாம், நாங்கள் சிரியர்கள். ஆனால் அன்று எங்களுக்காக வந்த விமானம் யாருடையது என்று அம்மா கேட்கிறாள். நான் என்ன சொல்ல?” அப்புறம் தேர்வு பற்றிப் பேச்சு திரும்பியது. ஸுவைதா மாணவர்களுக்குத் தேர்வை எங்கே வைப்பது, வந்து போகப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டு அவளும் வகுப்புத் தோழர்களும் பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் சுன்னி மாணவர்களும் இருந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை என்றாள்; அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்கப் போகிறார்களாம்.