ஆயிரத்துக்கு எத்தனை?

சின்ன சுகாதார மாவட்டத்தின் பிறப்பு, இறப்புப் பட்டியலில் விகிதத்தை மட்டும் பார்த்தால் சறுக்கிவிடும். வருடத்துக்கு 200 குழந்தைகள் பிறக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் ஒரு குழந்தை இறந்தால் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 5. அடுத்த வருடம் மூன்று இறந்தால் 15. 'மும்மடங்கு!' என்று அலறுவார்கள், கூடியது இரண்டு. (அந்த இரண்டு வீடுகளுக்கு விகிதமாவது ஒன்றாவது, அது வேறு.) அதனால்தான் ஐந்து வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது.

அப்புறம், நான் முதலில் தேடுவது அடிக்குறிப்பைத்தான். நிகழ்ந்த இடத்தை வைத்து எண்ணினார்களா, வசிப்பிடத்தை வைத்தா? பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர்களும் வருவார்கள், அதனால் முதல் வகைக் கணக்கில் பிறப்பு, இறப்பு இரண்டுமே ஊதித் தெரியும். முதியோர் நிறைந்த ஊரின் இறப்பு விகிதத்தை, வயதுக்கேற்பச் சரிசெய்யாமல் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் இன்னும் மோசம்.