சேலத்துச் சமையலும் கண்ணாடி அடுப்பும்

மகள் பிரசவத்துக்கென்று சேலத்திலிருந்து விமானம் ஏறும் அம்மாக்கள் தட்டுவடை, வடகம், ஏற்காட்டுக் காப்பித்தூள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள். போகிற வீட்டில் இருக்கும் அடுப்பைப் பற்றி யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல வாடகை வீடுகளில் இருப்பது வழவழவென்ற கறுப்புக் கண்ணாடி அடுப்பு. கண்ணாடிக்கு அடியில் மின்சுருள் சிவந்து சூடேறும். நடுநடுவே அணைந்து மறுபடி சிவக்கும். சூட்டை அளவாக வைக்கத்தான் அப்படி, பயப்பட வேண்டாம். கேஸ் அடுப்பில் பழகிய கைக்குச் சிரமம் எங்கே என்றால், திருகை அணைத்தாலும் கண்ணாடியின் சூடு உடனே இறங்காது. பால் பொங்கி வரும்போது அணைப்பது போதாது, பாத்திரத்தையே தூக்கித் தள்ளி வைக்க வேண்டும்.

பால், குழம்பு, கஞ்சி வழிந்தால் அடுப்பு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். சூடு இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்த பிறகே துணி படலாம்.

சர்க்கரைக்கு மட்டும் இதற்கு நேர் எதிர். ஜவ்வரிசிப் பாயசம் கஞ்சிபோல் நுரைத்துச் சட்டென்று வழியும். வெல்லப்பாகும் அப்படித்தான். உருகிய சர்க்கரை ஆறும்போது கண்ணாடியோடு ஒட்டி இறுகும். பிறகு பெயர்த்தால் கண்ணாடியும் சில்லாகப் பெயர்ந்து குழி விழும். அதனால் பாத்திரத்தை எடுத்துவிட்டு, சூட்டைக் குறைத்து, கனமான கையுறை போட்டுக்கொண்டு, இளகி இருக்கும்போதே பிளேடு சுரண்டியால் சூடில்லாத பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தை அடுப்பு ஆறிய பின் துடைக்கலாம். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிக் கவலை தீரும்.

கரிந்து பிடித்த கறைக்குக் கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் தூளும் ஆகாது, இரண்டும் கீறிவிடும். ஆறிய கறைமேல் சோடா உப்பைத் தூவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் போர்த்திக் கால் மணி நேரம் விடுங்கள். ஊறியதும் மென்மையான துணியால் வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராததைச் சுரண்டியால் எடுக்கலாம். பிளேடைக் கண்ணாடியோடு 30 முதல் 45 டிகிரி சாய்த்து, அதன் மூலை குத்தாமல், முழு விளிம்பும் படியும்படி தள்ள வேண்டும். உப்புத் தண்ணீரின் வெள்ளைத் திட்டுக்கு வினிகர் நனைத்த துணி போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் பிளீச்சும் வேண்டாம்.

தோசைக்கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள். அடியில் ஒரு உப்புக்கல் இருந்தாலும் கோடு விழும். அந்தக் கோடு திரும்ப மறையாது, வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடிக்கவும் கூடும். அலுமினியப் பாத்திரத்தை இழுத்தாலும் சாம்பல் நிறத் தடம் பதியும்.

போகிற வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்று தெரிந்தால், சேலம் கடைவீதியில் எவர்சில்வர் வாங்கும்போதே கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டாவிட்டால் அது அங்கே சூடாகாது. 304 ரக எவர்சில்வரில் பொதுவாக ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும். சாதாரண அலுமினியக் குக்கரை ஊரிலேயே விட்டுவிடலாம். அடி தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குழிந்த வாணலி எந்தக் கண்ணாடி அடுப்பிலும் சரியாகச் சூடேறாது.

கண்ணாடியில் விரிசல் கண்டால் ஈரத்துணி வைக்காதீர்கள். வழிந்தது உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றும்வரை அந்த அடுப்பில் சமைக்க வேண்டாம்.