தொட்டி நிரம்பும் கிழமை

மார்ச் 3
பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய காலி இடத்தில் மறுபடியும் குப்பை. ஞாயிறன்று நாங்கள் சிலர் சேர்ந்து சுத்தம் செய்த அதே இடம். அன்றைக்குப் பொறுக்கியதில் சிகரெட் துண்டுகள்தான் அதிகம். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக், லேசில் மக்காது. ஒரு மழை பெய்தால் எல்லாம் வடிகாலுக்குள் போய்விடும். உள்ளாட்சி அலுவலகத்தில் பேசியே ஆகவேண்டும்.

மார்ச் 6
"அது எங்கள் இடம் இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது" என்றார்கள். சரி, அதையே எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வடிகால் ஓரம் மட்டுமே நெடுஞ்சாலைத் துறைக்கு. குப்பைத் தொட்டி நிற்கும் பகுதி உள்ளாட்சியுடையதுதான். புகார் எண் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 11
இன்று அங்கே பெருக்கும் அக்காவோடு நின்று பேசினேன். அலுவலகத்தில் யாரும் சொல்லாததை அவர் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை குப்பை வண்டி வந்தால் அடுத்து திங்கள்தான். தொட்டிக்கு மூடியும் கிடையாது. "சனிக்கிழமை சாயங்காலமே நிரம்பிடும் தம்பி. அப்புறம் வர்றவங்க பக்கத்துலதான் வைப்பாங்க. மிச்சத்தை நாயும் காக்காயும் பாத்துக்கும்." ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று எல்லோரும் திட்டுகிறோம். தொட்டி வரைக்கும் கொண்டுவந்தவர்களின் குப்பையும் அல்லவா தரையில் கிடக்கிறது!

மார்ச் 14
விளக்குக் கம்பத்தருகே நின்று காலையும் மாலையும் படம் எடுக்கிறேன். ஒரே இடம், ஒரே கோணம், தேதியோடு.

மார்ச் 19
வார்டு உறுப்பினரும் சுகாதார ஆய்வாளரும் நேரம் கொடுத்தார்கள். "சுத்தம் செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், சனிக்கிழமை மாலை ஒரு வண்டி, மூடி போட்ட தொட்டி என்று மட்டும் கேட்டோம். படங்களை வரிசையாக வைத்ததும் பேச்சே மாறியது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்த ஆய்வையும் சொன்னேன். 2008இல் வெளிவந்தது. சைக்கிள் கைப்பிடியில் துண்டுச்சீட்டு மாட்டிவிட்டுக் கவனித்திருக்கிறார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது சீட்டைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம், சுவரில் கிறுக்கியிருந்தபோது 69. சுகாதார ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். ஒரு மாதம் சோதனையாகச் சனிக்கிழமை வண்டி அனுப்பச் சம்மதம். நாங்கள் பொறுக்கும் நாளில் மூட்டைகளை அன்றைக்கே எடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். மூட்டை இரண்டு நாள் கிடந்தால் அதுவே புதுக் குப்பைமேடு ஆகிவிடுகிறது.

மார்ச் 29
நேற்று மாலை வண்டி வந்தது. இன்று காலை தொட்டியின் புது மூடி முழுதாக மூடியிருந்தது, சுற்றிலும் சில உறைகள் மட்டும். அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்து சொன்னேன். வடிகால் ஓரம் அப்படியேதான் இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் போய்விட்டதாம், பதில் இல்லை. செவ்வாயன்று கடித நகலோடு அங்கே நேரில் போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.