மஞ்சள் அட்டையில் அடித்தல் திருத்தல்

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம்; மஞ்சள் அட்டை என்பது அதைத்தான். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே அந்த ஊசியைப் போடுவார்கள். போட்டு 10 நாள் கழிந்தால்தான் சான்று செல்லும். பயண நாள் நெருங்க நெருங்க இந்த 10 நாள் கணக்குதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

தொலைபேசியில் கேட்டபோது, "எந்த வேலை நாளிலும் வரலாம்" என்றார்கள். நேரில் போனால், "ஆள் சேரவில்லை, வியாழக்கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மருந்து பெரும்பாலும் பலருக்குப் போடும் அளவில் ஒரே குப்பியில் வருகிறது. கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீந்ததைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே ஆள் சேரும்வரை காத்திருப்பதில் நியாயம் உண்டு. அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே! "எந்தக் கிழமை குப்பி திறப்பீர்கள்?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

வியாழக்கிழமை மருத்துவர் நிதானமாகப் பேசினார். முட்டை ஒவ்வாமை உண்டா, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார். மலேரியா மாத்திரையைப் பற்றி நான் கேட்காமலே விளக்கினார். அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 7 நாள் சாப்பிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் வந்த பிறகு 4 வாரம். வீட்டுக்கு வந்ததும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். ஊசி ஒரு நிமிட வேலை.

பிறகு எழுத்தரின் மேசை. பாஸ்போர்ட் எண்ணில் 3-ஐ 8 என்று எழுதி, அதன் மேலேயே பேனாவை அழுத்தித் திருத்தினார். அது 3-ஆ 8-ஆ என்று எனக்கே தெரியவில்லை. செல்லுபடிக் கட்டத்தில் 10 ஆண்டு என்று போட்டார்; ஆனால் 2016 ஜூலை முதலே இந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும் என்பதுதான் விதி. மருத்துவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் முத்திரையைக் குத்தி நீட்டினார்.

"வேறு அட்டை கொடுங்கள், சார்" என்றேன்.

"இதையெல்லாம் அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?"

அந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது: அடித்தல் திருத்தல் இருந்தாலோ, ஏதேனும் கட்டம் விடுபட்டாலோ சான்று செல்லாமல் போகலாம், முத்திரை கையெழுத்துக்கு ஈடாகாது. அந்த வரிகளில் விரல் வைத்துக் காட்டினேன். முகம் சுளித்தார். அட்டை தீர்ந்துவிட்டது என்றார். மருத்துவர் கிளம்பிவிடுவார் என்றார். நான் நகரவில்லை. விமான நிலையத்தில் மறித்தால் நிற்கப்போவது நான்தானே! கடைசியில் மருத்துவரே வெளியே வந்து அட்டையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இழுப்பறையைத் திறந்து, புது அட்டை எடுத்துத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார்.

மேசையை விட்டு எழுவதற்கு முன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதியிருக்கிறார்களா, மருந்தின் பேட்ச் எண், கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் வரிசை நின்றாலும் அவசரப்படாதீர்கள்.