அம்மானுக்கு ஒரு நாவல்

அம்மானுக்கு அறுபதாம் சாந்தி. வேட்டி, வெள்ளிச் சாமான்களை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு நாவல் கொடுக்க வேண்டும் என்று ஆசை. தேவகோட்டையில் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பகலெல்லாம் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் அவர். பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். கதை மட்டும் ஆகாது. "நடக்காததைப் படிச்சு என்னப்பா செய்யிறது?" என்பார்.

கேட்டவர்கள் எல்லாரும் 'பொன்னியின் செல்வன்' என்றார்கள். எனக்கும் பிடித்த நாவல்தான். ஆனால் ஐந்து பாகம். கதை படித்துப் பழகாதவர் கனத்தைப் பார்த்தே அலமாரியில் வைத்துவிடுவார். சரி, அவர் எதைப் பற்றி நேரம் போவது தெரியாமல் பேசுவார் என்று அம்மான் மகனிடம் விசாரித்தேன். "ஐயா பினாங்கில் அடுத்தாளாக இருந்த கதையை எடுத்தால் சாப்பிடக்கூட வரமாட்டார்" என்றான். அடுத்தாள் என்றால் வட்டிக்கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்.

அப்புறம் தேட வேண்டியிருக்கவில்லை. ப. சிங்காரம் நம் சிங்கம்புணரிக்காரர். 1938-இல் இளவயதில் கப்பலேறி, சுமத்ராவில் மேடானில் கடை வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல். பெரிதாகப் பேசப்படுவது 'புயலிலே ஒரு தோணி'. அதில் நினைவோட்டமும் பழைய இலக்கிய வரிகளும் பகடியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும். எனக்கு உயிர். முதல் நாவலாகப் படிப்பவருக்கு அது கடினம். முந்தைய 'கடலுக்கு அப்பால்' நேரான கதை: பினாங்கில் வட்டிக்கடை, முதலாளி மகள் மரகதம், நேதாஜி படையில் இருந்துவிட்டுக் கடைக்குத் திரும்பும் செல்லையா. அதையே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இரண்டையும் சேர்த்த பதிப்பும் உண்டு. காரைக்குடிக் கடையில் கையில் வாங்கிப் பார்த்து, கனம் என்று திருப்பி வைத்தேன். தனிப் புத்தகத்தில் நடுப்பக்கம் ஒன்றை விரித்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்தேன். கண்ணாடி போடுகிறவருக்குக் கதை எவ்வளவு முக்கியமோ எழுத்தின் அளவும் அவ்வளவு முக்கியம். வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி இருந்தது.

முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதவில்லை. "பினாங்குக் கடையைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதினேன். யாருக்காவது இப்படிப் புத்தகம் கொடுப்பதாக இருந்தால் இதை மட்டும் விடாதீர்கள். படியுங்கள் என்று சொன்னால் தள்ளிப்போடுவார்கள். அபிப்பிராயம் கேட்டால் புரட்டிப் பார்ப்பார்கள்.

சாந்தி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு அம்மானிடமிருந்து போன் வந்தது. பெட்டியடி, பற்றுவரவு என்று கடை நடைமுறையைக் கொஞ்ச நேரம் விளக்கினார். பிறகு சட்டென்று, "அந்தப் பொண்ணைச் செல்லையாவுக்கே கட்டிக் கொடுத்திருக்கலாம். முதலாளிக்கு அவ்வளவு வீம்பு எதுக்கு?" என்று சத்தம் போட்டார். கிட்டத்தட்ட சண்டை. நானும் விடவில்லை, முதலாளி பக்கம் பேசினேன்.

அடுத்து தோணியைக் கொடுக்கலாமா என்று அம்மான் மகன் கேட்கிறான். இன்னும் ஒன்றிரண்டு நேரான கதைகள் படிக்கட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.