பதினோரு நாள் வருடம்

மே 3
அம்மாவுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்தாகிவிட்டது. சென்னைக்கு அனுப்புகிறார்களாம். ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம்.

மே 4
தூக்கம் வரவில்லை. அதனால் மறுபடி பிராக்சிமா சென்டாரி, சூரியனுக்கு மிகப் பக்கத்து நட்சத்திரம்.

சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், ‘பக்கத்திலேயே இன்னொரு பூமி!’ என்று. பிராக்சிமாவைச் சுற்றும் ஒரு கோளைப் பற்றி 2016 ஆகஸ்டில் வந்த செய்தி அது. பக்கம் என்றால் 4.24 ஒளியாண்டு. அந்தக் கோளை யாரும் நேரில் பார்த்ததில்லை. சிலியில் லா சில்லா மலையிலிருந்து நட்சத்திரத்தின் ஒளியைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். 11.2 நாளுக்கு ஒருமுறை, ஏதோ இழுப்பதுபோல, நட்சத்திரம் நம் பக்கம் கொஞ்சம் வருகிறது, விலகுகிறது. அந்த ஆட்டத்தின் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், கடைக்கு நடந்துபோகிற வேகம். அதை வைத்தே பூமி அளவு எடையில் ஒன்று சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார்கள். இங்கே சதையையே எடுத்துக் கையில் கொடுத்தும் பத்து நாள் கேட்கிறார்கள்.

மே 5
அம்மா ஒரு இட்லி சாப்பிட்டாள். சட்னி வேண்டாமாம்.

மே 6
“அங்கே வருஷத்துக்குப் பதினோரு நாள்தான். உனக்கு 2,350 வயசும்மா.”
“எழுபத்திரண்டுக்கே இந்தப் பாடு” என்றாள். சிரித்தாள். அப்புறம் இருமல்.

மே 8
‘வாழத் தகுந்தது’ என்று எழுதுகிறவர்களை ஒரு ராத்திரி அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அவர்கள் பார்ப்பது தூரத்தை மட்டும்தான். தண்ணீர் உறைந்தும் போகாமல், கொதித்தும் போகாமல் இருக்கிற தூரம். பிராக்சிமா ஒரு சிவப்புக் குள்ளன். எடை சூரியனில் 12 சதவீதம், வெளிச்சம் ஐந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குளிர் காய வேண்டுமானால் ஒட்டித்தான் உட்கார வேண்டும், சுமார் 70 லட்சம் கிலோமீட்டரில். நமக்கும் சூரியனுக்கும் 15 கோடி.

ஒட்டி உட்கார்ந்தால் அடியும் பலமாக விழும். 2019 மே 1 அன்று பிராக்சிமாவில் ஒரு சீற்றம், ஏழே விநாடி. புற ஊதாவில் 14,000 மடங்கு பிரகாசம். அடிக்கடி சீறுகிற நட்சத்திரம் இது. காற்று என்று ஒன்று இருந்திருந்தாலும் எத்தனை காலம் தாங்கும்? தாங்கலாம் என்கிறவர்களும் உண்டு. காந்தப்புலம் இருந்தால். ஆழமான கடல் இருந்தால். இருந்தால், இருந்தால். டாக்டரும் இன்று இப்படித்தான் பேசினார். இந்த மனிதர்களுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டு சொல் தெரியாதா?

மே 9, காலை
அந்தக் கோளின் ஒரு முகம் மட்டும் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்கலாம். அந்தப் பக்கம் இருட்டவே இருட்டாது. இந்த வார்டில் டியூப்லைட்டை அணைப்பதே இல்லை.

மே 9, இரவு
பதினோரு மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போனேன். தெற்கே, தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே ஆல்பா சென்டாரி, பிராக்சிமாவின் கூட்டாளி. 1689இல் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் இதே புதுச்சேரியில் வால்மீன் பார்க்கப் போய், ஆல்பா ஒன்றல்ல, இரண்டு என்று கண்டுகொண்டார். மூன்றாவது, நம்முடைய குள்ளன், அந்தப் பக்கம்தான் இருந்தது. 1915இல்தான் ஜோகன்னஸ்பர்க்கில் இன்னெஸ் என்ற வானியலாளர் புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். வெறுங்கண்ணுக்கு இன்றைக்கும் தெரியாது.

வாட்ச்மேன் அண்ணன் வந்தார். “மேலே யாரும் வரக் கூடாது சார்.” ஆல்பாவைக் காட்டினேன். “அதுவா, தினமும் பார்க்கிறதுதானே” என்றார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவரும் நின்றார்.

மே 10
இன்று நட்சத்திரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மேகம்.

மே 11
போன் வரவில்லை. நானே பண்ணினேன். நாளைக்காம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினாள். மணிக்கு ஐந்து கிலோமீட்டரெல்லாம் இல்லை.

மே 12
ரிப்போர்ட் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நாளை மறுநாள் காலை ஆபரேஷன். ஏ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும். புதுச்சேரி, கடலூர் பக்கம் யாராவது இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.