கோவை வண்டிக்கு மைசூரு நம்பர்

2025 ஏப்ரலில் ஒரு நாள் காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மைசூரு ரிங் ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றையும் வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் நம்பர் பிளேட்டைப் பார்த்து, “எஷ்டு திங்களு ஆய்து?” என்று கேட்டார். இங்கே வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்கிறார். பத்து மாதம் என்றேன். ஒரு வருஷம் ஆவதற்குள் நம்பரை மாற்றிவிடுங்கள் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

அதுவரை எனக்கு அது தெரியாது. 2019-ல் கோவையில் கார் வாங்கியபோதே ஆயுள் வரி கட்டிவிட்டோம், இனி எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓட்டலாம்தான். ஆனால் வேறு மாநிலத்திலேயே வண்டியை வைத்துக்கொண்டால், 12 மாதத்துக்கு மேல் பழைய நம்பரில் வைத்திருக்க முடியாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அந்த 12 மாதத்தில் பத்து மாதம் எனக்குக் கையை விட்டுப் போயிருந்தது.

வேலை மாற்றலாகி வெளிமாநிலம் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் வண்டிக்கு என்.ஓ.சி. வாங்கிவிடுங்கள். வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான் அந்தத் தடையில்லாச் சான்றைத் தர வேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் கிடைக்காது. அதற்கான விண்ணப்பம் படிவம் 28. நாம் ஊரில் இருக்கும்போது இரண்டு மூன்று நடையில் முடிகிற வேலை அது. நான் அதைச் செய்யாமல் வந்துவிட்டதால், மைசூருவிலிருந்து கோவைக்கு 200 கிலோமீட்டர் போய்ப் போய் வர வேண்டியதாயிற்று.

கோடை விடுமுறை தொடங்கியதும் காரை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆர்.சி.யைப் பார்த்த உடனேயே அங்கிருந்தவர், “ஹெச்.பி. கேன்சல் பண்ணலீங்களே” என்றார். கார் கடனில் இருக்கிறது என்று ஆர்.சி.யில் வங்கியின் பெயரோடு போடுகிற குறிப்புதான் ஹெச்.பி. கார் கடனை 2023-லேயே அடைத்துவிட்டோம். வங்கி தந்த கடிதமும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் ஃபைலில் பத்திரமாக இருந்தன. ஆனால் கடன் தீர்ந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாகப் போய்விடாது. நாம்தான் அந்தத் தாள்களைக் கொண்டுபோய் நீக்கச் சொல்ல வேண்டும். சரி, கையில்தான் இருக்கிறதே என்று நீட்டினால், வங்கிக் கடிதம் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. இரண்டு வருஷம் அந்த வரியை நான் வாசிக்கவே இல்லை. வங்கியில் புதுக் கடிதம் வாங்க ஒன்பது நாள் ஆனது. கடனை அடைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஊர் மாறப்போகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்து அந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு தடை, எப்போதோ விழுந்த ஒரு ‘நோ பார்க்கிங்’ அபராதம். 500 ரூபாய். அது கட்டப்படாமல் கிடந்ததால் கணினியில் விண்ணப்பம் நகரவில்லை. கட்டிய பிறகு வழிவிட்டது. கார் எந்தத் திருட்டு வழக்கிலும் இல்லை என்பதற்கான அறிக்கையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் எடுத்து, அதையும் சேர்த்து வைத்தேன்.

அடுத்தது சேசிஸ் நம்பர் பிரிண்ட். விண்ணப்பத்தில் நம்பரை எழுதினால் மட்டும் போதாது. வண்டியின் உடம்பில் வெட்டியிருக்கிற நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளையும் ஒட்ட வேண்டும். அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். “நீங்களே எடுங்கக்கா, ஒண்ணும் கஷ்டமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, கார்ப்பெட்டில் வெட்டியிருந்த சின்ன மூடியைத் தூக்கிக் காட்டினான். ஆறு வருஷத் தூசி, மகள் சிந்திய முறுக்குத் துண்டு எல்லாவற்றையும் துணியால் துடைத்த பிறகு எழுத்துகள் தெரிந்தன. மெல்லிய தாளை மேலே வைத்து, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். கூர்முனையால் தேய்த்தால் தாள் கிழிகிறது. முதல் தாளில் கடைசி இரண்டு எழுத்து விழவில்லை. மூன்றாவது தாளில்தான் 17 எழுத்தும் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக, வரிசையாக எழுந்து வந்தன. ஆறு வருஷம் ஓட்டிய வண்டியின் உண்மையான பெயரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம்பர் பிளேட் மாறும், இது மாறாது.

விண்ணப்பத்தில் எந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். மைசூரு என்று மட்டும் எழுதினால் போதாது. அங்கே மேற்குக்கு கே.ஏ. 09, கிழக்குக்கு கே.ஏ. 55. நம் வீடு எதற்குக் கீழ் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். எங்களுக்கு 09.

என்.ஓ.சி. கைக்கு வந்த அன்றைக்கே கிளம்பினேன். சத்தியமங்கலம் வழியில் இரவு 9 மணிக்கு மேல் கார்களைக் காட்டுக்குள் விடுவதில்லை என்பதால் பண்ணாரியை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும் என்று ஒரே எண்ணம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் என்.ஓ.சி. இருந்த உறை என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தது. ஆசனூர் வந்து டீ குடித்தபோதும் அதைக் காரில் வைத்துவிட்டு இறங்க மனம் வரவில்லை.

மைசூருவில் வேலை இதைவிட நேராகப் போனது. புது நம்பர் கேட்கும் படிவம் 27, என்.ஓ.சி., ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாடகை ஒப்பந்தம், கார் வாங்கிய பில். அந்தப் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். வரியைக் கணக்கிட வண்டியின் விலை வேண்டும். வாசலில் ஒரு புரோக்கர் எட்டாயிரம் கேட்டார். எல்லாத் தாளும் கையில் இருக்கும்போது எதற்கு என்று நானே உள்ளே போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, “சேசிஸ் நம்பர் தோரிசி” என்றார். இருக்கையைத் தள்ளி, மூடியைத் தூக்கிக் காட்டினேன். நான் தேய்த்து எடுத்த தாளைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுவிட்டு, “சரி இதெ” என்று கையெழுத்துப் போட்டார்.

வரிதான் கனம். 2019-ல் தமிழ்நாட்டில் பத்து சதவீதம் என்று 61 ஆயிரம் கட்டியிருந்தோம். கர்நாடகத்தில் வண்டியின் வயதுக்குக் கழித்தது போகவும் 60 ஆயிரத்துக்கு மேல் வந்தது. ஒரே காருக்கு இரண்டு ஆயுள் வரி. மாநிலம் மாறும்போதெல்லாம் இப்படி மொத்தமாகக் கட்டவைப்பது மாதச் சம்பளக்காரக் குடும்பத்துக்குப் பெரிய அடி என்பது என் உறுதியான கருத்து. 2021-ல் வந்த பி.ஹெச். (பாரத்) நம்பர் வரிசையில் வரியை இரண்டிரண்டு வருஷமாகக் கட்டினால் போதும், ஊர் மாறினாலும் நம்பர் மாறாது. ஆனால் தனியார் ஊழியர் என்றால் நிறுவனத்துக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருக்க வேண்டும். என் கணவர் வேலை பார்க்கும் இடத்துக்கு இரண்டில்தான் இருக்கிறது. எங்களைப் போல எத்தனை பேர்! அந்த வசதியை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும்.

புது நம்பர் வந்ததும் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேகிலும் மாற்றினேன். இரண்டும் வீட்டில் உட்கார்ந்தே முடிந்தன.

லைசென்ஸுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. தமிழ்நாட்டில் எடுத்தது இந்தியா முழுக்கச் செல்லும். மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. 2005-ல் எடுத்த என் லைசென்ஸுக்கு 2025-ஓடு 20 வருஷம் முடிவதால், புதுப்பித்தலையும் முகவரி மாற்றத்தையும் சேர்த்தே போட்டேன். 40 வயது தாண்டியவர்கள் படிவம் 1ஏ-வில் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். பார்வையைச் சோதித்துக் கையெழுத்திட்டார். மைசூரு முகவரியோடு புது அட்டை வந்தது. பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பர் மட்டும் பழையபடி டி.என். என்றுதான் தொடங்குகிறது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாக்கி இருப்பது தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பணம். திரும்பக் கிடைக்கும், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பலர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். புது ஆர்.சி. நகல், இங்கே வரி கட்டிய ரசீது, பழைய ரசீது, வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து வைத்திருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை கோவை போகிறேன். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.